மாமன் வீட்டுச் சோறு ஜீவனாம்சக் கணக்கில் வராது

என் தங்கச்சியின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய், தங்கச்சிக்கு 3,000 ரூபாய் என்று, அவளைப் பிரிந்திருக்கும் மாப்பிள்ளை ஜீவனாம்சம் கட்ட வேண்டுமென மதுரைக் குடும்ப நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. மூத்தவளுக்கு 5,500, சின்னவனுக்கு 4,500. இந்தத் தொகை எப்படி வந்தது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சொந்தபந்தத்தில் கேட்கிறார்கள். நான் கணக்கு எழுதுகிற கீழமாசி வீதி மளிகை மண்டிக்கே வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவர்களும் உண்டு. வருவது பெரும்பாலும் பெண்ணின் தகப்பனோ அண்ணனோதான். "சம்பளத்துல மூணுல ஒரு பங்குன்னு சொல்றாங்களே, நெசமாண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அப்படி ஒரு பங்கு சட்டத்தில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நாங்கள் 2022 ஜூனில் மனுப் போட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில். 2024 ஜூலை 1-லிருந்து அதே விஷயம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாருக்கும் பொது. கையில் வசதி இருந்தும் பெண்டாட்டி பிள்ளையைக் கவனிக்காதவர், நீதிபதி தகுந்தது என்று நினைக்கிற தொகையை மாதாமாதம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் போட முடியாது என்று வரம்பு இருந்தது. 2001 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே உச்சவரம்பும் கிடையாது, வாய்ப்பாடும் கிடையாது.

பலர் வாயில் அடிபடுகிற 25 சதவீதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து வந்தது. 1970-இல் ஒரு வழக்கிலும், அதைப் பின்பற்றி 2017-இல் ஒரு வழக்கிலும், கணவரின் நிகரச் சம்பளத்தில் கால் பங்கு மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்றார்கள். அது மனைவிக்குச் சொன்னது. பிள்ளைகள் கணக்கு தனி.

கோர்ட்டுக்குப் போகும் முன் பஞ்சாயத்து நடந்தது. மாப்பிள்ளை மேலூர்ப் பக்கம். இரண்டு லோடு வண்டி வைத்து மாட்டுத்தாவணி சென்ட்ரல் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு விருதுநகர், ராஜபாளையம் வரைக்கும் ஓட்டுகிறவர். அவர் பக்கத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, "மூணு லட்சம் வாங்கிக்கிட்டு எழுதிக் குடுத்துரச் சொல்லுங்க, முடிச்சுக்குவோம்" என்றார்கள். மூன்று லட்சம் என்றதும் எங்கள் அம்மாவுக்கே கொஞ்சம் மனசு இளகியது. நான் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. பதினெட்டு வரைக்கும் ஆளுக்கு மாதம் 5,000 என்று வைத்தாலே அவளுக்கு ஒன்பது வருஷத்துக்கு 5,40,000, அவனுக்குப் பதிமூன்று வருஷத்துக்கு 7,80,000. மொத்தம் 13,20,000. விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலே இவ்வளவு. மூன்று லட்சத்துக்குக் கையெழுத்து வாங்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கான செலவுப் பணம் பிள்ளைகளின் உரிமை. தாய் வேண்டாம் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அந்த உரிமை போய்விடாது.

எங்கள் வக்கீல் மேடம் இலவசச் சட்ட உதவி மூலம் வந்தவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இந்த உதவி உண்டு, 1987-ஆம் வருஷத்துச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. எங்களுக்கு வந்தவர் நான் பார்த்த எந்தக் காசு வாங்கும் வக்கீலுக்கும் குறைந்தவர் இல்லை. முதல் நாளே அவர் கேட்டது கல்யாணச் சண்டைக் கதையை இல்லை. "பிள்ளைங்க செலவுக் கணக்கு இருக்கா?" என்றுதான் கேட்டார்.

இருந்தது. கணக்குப்பிள்ளை வீட்டில் அதற்கா பஞ்சம்? ஆனால் அவர் கேட்ட மாதிரி இல்லை. நான் மொத்த வீட்டுச் செலவாக எழுதியிருந்தேன். அவர் ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார். மூத்தவளுக்குப் பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு 32,000, புத்தகம் சீருடை 6,500, வேன் 12,000. கூட்டினால் 50,500, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,208. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜூன் மாதம் மொத்தமாகக் கட்டுகிற ஃபீஸ் மாதச் செலவு இல்லை என்று நினைத்து மனுவில் எழுதுவதில்லை. இதோடு சாப்பாடு 2,500, டியூஷன் 600, துணிமணி 400, மருந்து மாத்திரை 300 சேர்த்தால் மூத்தவளுக்கு 8,008. சின்னவனுக்குப் பள்ளிக் கட்டணம் 24,000, புத்தகம் 4,000, வேன் 12,000, ஆக மாதத்துக்கு 3,333. அவனுக்கு வீசிங் உண்டு, பனிக்காலத்தில் நெபுலைசர் இல்லாமல் ராத்திரி கழியாது. ஆகவே மருத்துவம் 700, சாப்பாடு 2,000, துணி 300 என்று சேர்த்து 6,333. இரண்டும் சேர்ந்து 14,341.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள் வேண்டும். பள்ளிக்கூட ரசீது சுலபம். டியூஷன் அக்கா ரசீது புத்தகத்துக்கு எங்கே போவார்? அவருக்கு ஜீபேயில் அனுப்பிய வரிகளையே அச்செடுத்தோம். வேன் டிரைவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மருந்துக்கடை பில் மங்கிப்போகும், உடனே நகல் எடுத்து வைக்க வேண்டும். நெபுலைசர் வாங்கிய பில்லும், டாக்டர் சீட்டும் பின்னால் எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தன. பிள்ளைக்கு உடம்பு முடியாது என்று வாயால் சொல்வதும் சீட்டைக் காட்டுவதும் ஒன்றாகுமா?

இங்கேதான் மாமன் விஷயம் வந்தது. தங்கச்சி ஜெய்ஹிந்துபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். அதற்கு முன் அந்த மாடியை 5,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருந்தோம். வக்கீல் மேடம் அதையும் எழுதச் சொன்னபோது என் மனைவிக்கே கோபம் வந்தது. "மதினி வீட்டுல வாடகை வாங்குனாங்கன்னு நாளைக்கு ஊர் சொல்லாதா?" என்றாள் தங்கச்சியிடம். வாடகை வாங்கவில்லை, ஆனால் வாங்காமல் விட்டதும் ஒரு செலவுதான் என்று மேடம் விளக்கினார். பழைய வாடகை ஒப்பந்தத்தை இணைத்தோம்.

எதிர்பார்த்தபடியே எதிர்த்தரப்பு பதில் மனுவில், "மனுதாரர் தமது சகோதரர் வீட்டில் வாடகையின்றி, உணவுச் செலவின்றி வசிக்கிறார், தாய்மாமன் சகல வசதியும் செய்து தருகிறார்" என்று இருந்தது. நம்ம ஊர்ப் பக்கம் தாய்மாமனுக்கு என்ன கடமை என்று எல்லாருக்கும் தெரியும். மூத்தவளுக்குக் காது குத்துக்கு மடியில் வைத்தது நான்தான், நாளைக்குச் சீர் கொண்டுபோவதும் நான்தான். அதை வைத்துத் தகப்பன் கடமையைக் கழிக்கப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், நம் வீடுகளில் நிறையப் பெண்கள் ஜீவனாம்ச மனுவே போடாமல் இருப்பதற்கு இந்த மாமன் கௌரவம் ஒரு காரணம். "எங்க பிள்ளைகளை நாங்க பாத்துக்குவோம், அவன் காசு எதுக்கு?" என்று வீறாப்பாகச் சொல்வது அண்ணன் தம்பிகள். பத்து வருஷம் கழித்து அந்த அண்ணன் பிள்ளைகளும் காலேஜுக்குப் போகும்போது கஷ்டப்படுவது அந்தப் பெண். உத்தரவில் நீதிபதி இதற்கு ஒரே பத்தியில் பதில் சொல்லியிருந்தார். சகோதரன் இரக்கத்தால் செய்யும் உதவி, தகப்பனின் சட்டக் கடமைக்கு ஈடாகாது என்று.

வருமானப் பக்கம்தான் பெரிய வேலை. தகப்பன் சம்பளக்காரராக இருந்தால் சம்பளச் சீட்டே போதும். அதிலும் வருமான வரி, கட்டாய பி.எஃப். மாதிரி பிடித்தங்களைத்தான் பொதுவாகக் கழிப்பார்கள். சீட்டுப் பணம், பர்சனல் லோன், பைக் தவணை என்று ஒன்றொன்றாகக் கழித்துக் கையில் வருவது இவ்வளவுதான் என்று காட்டினால் எடுபடாது. எங்கள் மாப்பிள்ளைக்குச் சம்பளச் சீட்டு ஏது? மார்க்கெட்டில் பாதி பணம் ரொக்கம்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜீவனாம்சம் கேட்பவரும் கொடுக்க வேண்டியவரும், இருவருமே, தங்கள் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் ஒரே மாதிரியான படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம்கூட உண்டு. பொய் எழுதினால் அதற்கே தனியாக நடவடிக்கை வரலாம்.

மாப்பிள்ளை தாக்கல் செய்த பத்திரத்தின் நகல் எங்களுக்குக் கிடைத்தது. தொழில் என்ற இடத்தில் 'ஓட்டுநர்' என்று இருந்தது. மாத வருமானம் 12,000. வண்டியெல்லாம் பைனான்ஸ்காரருக்குச் சொந்தம் என்பது போல ஒரு வரி. சரி, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மாதச் செலவில் வீட்டு வாடகை 5,500, அம்மாவின் மருந்து 3,000, சாப்பாடு 6,000, முதல் வண்டித் தவணை 13,800, இரண்டாவது வண்டித் தவணை 11,200. கடன்காரன் என்று காட்டுவதற்காகத் தவணைகளை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். கூட்டினால் 39,500. வருமானம் 12,000! மண்டியில் எத்தனையோ பேரேடு பார்த்திருக்கிறேன், பற்றும் வரவும் இப்படி ஒன்றை ஒன்று காட்டிக்கொடுத்ததைப் பார்த்ததில்லை.

மேடம் அந்த ஐந்து எண்களையும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டார். குறுக்கு விசாரணையில் சத்தம் போடவே இல்லை. "மாதம் 12,000 வருகிறது, 39,500 செலவாகிறது. மீதி எங்கிருந்து வருகிறது?" "கடன் வாங்குறேன்." "யாரிடம்?" "நண்பர்கள்கிட்ட." "பேர் சொல்லுங்கள்." மாப்பிள்ளை அவர் வக்கீலைப் பார்த்தார். அவர் வக்கீல் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. அதில், டோல்கேட்டில் கட்டணம் கழிகிற பாஸ்டேக்குக்கான ரீசார்ஜ் வரிசையாக இருந்தது. விருதுநகர் போகிற வழியில் இருக்கும் கப்பலூர் டோல்கேட்டை எடுக்கச் சொல்லித் திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள், எனக்கும் அதன் மேல் கோபம்தான். ஆனால் அந்த டோல்கேட் எங்களுக்குச் சாட்சி சொன்னது. வண்டி ஓடவே இல்லை, மார்க்கெட் மந்தம் என்று சொன்ன மாதங்களிலும் தொடர்ந்து ரீசார்ஜ் போயிருந்தது. வருமானம் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அப்படிப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதுதான் என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. முழுக் கணக்கையும் அவர் காட்டாததால் நீதிமன்றமே ஒரு மதிப்பீட்டுக்கு வந்தது. டீசல், இன்னொரு வண்டியின் டிரைவர் கூலி, டயர், இன்சூரன்ஸ், தவணையில் ஒரு பகுதி, எல்லாம் போக மாதம் 36,000 நிற்கும் என்று. அவர் அம்மாவின் மருந்துச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அது நியாயம்தான், அந்த அம்மா எங்களுக்கும் வேண்டியவர்.

ஒருவேளை அவருக்கு வண்டியே இல்லாமல் இருந்திருந்தால்? உடம்பு நன்றாக இருக்கிறவர் கூலி வேலை செய்தாவது பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலையில்லை என்பது பதிலாகாது.

தங்கச்சி தனியார் நர்சரிப் பள்ளியில் டீச்சர், 8,500 சம்பளம். இதை மறைக்கலாமா என்று சொந்தத்தில் ஒருவர் யோசனை சொன்னார். மேடம் கடுமையாக மறுத்துவிட்டார். நம் பத்திரத்தில் ஓட்டை இருந்தால் அவர் பத்திரத்தின் ஓட்டையைக் காட்டும் வாய் நமக்கு இருக்காது. தாய் சம்பாதித்தாலும் பிள்ளைகளுக்கான தொகை நின்றுவிடாது, பங்குதான் மாறும். 2000-ஆம் வருஷத்தில் தாயும் தகப்பனும் இருவரும் சம்பாதித்த ஒரு வழக்கில், பிள்ளைகளின் செலவைச் சம்பள விகிதப்படி தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது.

அதே முறையில் எங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 36,000-மும் 8,500-மும் சேர்ந்து 44,500. அதில் மாப்பிள்ளை பங்கு கிட்டத்தட்ட 81 சதவீதம். பிள்ளைகள் செலவு 14,341-இல் அவர் பங்கு 11,600 அளவில் வரும். இன்னொரு முறையும் இருக்கிறது. 2004-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் குடும்ப வருமானத்தை மொத்தமாக வைத்து, சம்பாதிக்கிற கணவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு என்றது. அதன்படி 44,500-ஐ ஐந்தாக வகுத்தால் ஒரு பங்கு 8,900. பிள்ளைகளுக்கு மட்டும் 17,800! எங்களுக்குக் கிடைத்ததோ 10,000. ஒரே குடும்பம், ஒரே வருமானம், முறைக்கு முறை தொகை மாறுகிறது. மூன்றில் ஒரு பங்கா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் எழுதிக் காட்டுகிறேன். நாங்கள் கேட்டதில் எதைக் குறைத்தார்கள் என்று உத்தரவைப் படித்தால் தெரியும். ரசீது இருந்த பள்ளிக் கட்டணத்திலும் மருத்துவத்திலும் கை வைக்கவில்லை. தாள் இல்லாத சாப்பாட்டிலும் துணியிலும்தான் வெட்டு விழுந்தது.

வழக்கு முடியும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை, இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போய், எங்களுக்கு அதைவிட நாளானது. மாதம் 6,000 என்று போட்டார்கள், மாப்பிள்ளை விட்டு விட்டுக் கட்டினார். கடைசி உத்தரவில் தொகை மனுப் போட்ட தேதியிலிருந்து என்று இருந்தது. 2020 தீர்ப்புக்குப் பிறகு அப்படித்தான் போட வேண்டும். ஆகவே 20 மாதத்துக்கு 13,000 வீதம் 2,60,000, கட்டிய 72,000 போக 1,88,000 பாக்கி.

அந்த 72,000-க்கும் ஒரு சண்டை. கையில் கொடுத்தேன், மகளுக்குச் சைக்கிள் வாங்கினேன், தீபாவளிக்குத் துணி எடுத்தேன் என்று ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குச் சொன்னார். சைக்கிள் வாங்கியது உண்மைதான், நல்ல சைக்கிள். ஆனால் அப்பா மகளுக்குக் கொடுத்த பரிசு ஜீவனாம்சத்தில் கழியாது. வங்கிக் கணக்கில் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கொடுக்கிற தகப்பன்மார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ரொக்கமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அதே மாதிரி, பிள்ளைகளைப் பார்க்க விட்டால்தான் பணம் என்று அவர் ஒரு தடவை நிறுத்தினார். பார்ப்பது வேறு, பணம் வேறு. பணம் வராத மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அவரிடம் அனுப்பத்தான் செய்தோம். சின்னவன் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து மார்க்கெட் போய்விட்டு வருவான், வெங்காய வாசத்தோடு.

பாக்கியை வசூலிக்க நிறைவேற்று மனுப் போட வேண்டும். இதில் தேதி முக்கியம். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால்தான் இந்தப் பிரிவில் வாரண்ட் கிடைக்கும். பாவம் பார்த்துத் தள்ளிப்போட்டால் பழைய மாதங்கள் கையைவிட்டுப் போகும். கட்டாவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது, 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை அவ்வளவு தூரம் போகவில்லை. வாரண்ட் என்றதும் மூன்று தவணையில் கட்டினார்.

125-இல் பதினெட்டு வயதோடு பிள்ளைகளுக்கான தொகை நின்றுவிடும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தானே பிழைக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் விலக்கு. ஆனால் கல்யாணமாகாத இந்துப் பெண்பிள்ளை, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வழியில்லாவிட்டால், 1956-ஆம் வருஷத்து இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் அதற்குப் பிறகும் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அது தனி வழக்காகப் போட வேண்டும்.

உத்தரவு போட்ட தொகை கல்வெட்டு இல்லை. நிலைமை மாறினால் கூட்டவும் குறைக்கவும் கேட்கலாம், புதுச் சட்டத்தில் 146-ஆம் பிரிவு. மூத்தவள் இப்போது ஏழாம் வகுப்பு. வேன் கட்டணமும் ஏறிவிட்டது, பள்ளிக் கட்டணமும் ஏறிவிட்டது. மாப்பிள்ளை மூன்றாவதாக ஒரு வண்டி எடுத்திருக்கிறார் என்று சின்னவன்தான் வந்து சொன்னான், சந்தோஷமாக. கூட்டிக் கேட்கும் மனுவுக்கு இந்த வருஷ ரசீதுகளை நகல் எடுத்து மேடத்திடம் கொடுத்திருக்கிறோம். சாப்பாட்டுச் செலவுக்கும் இந்தத் தடவை தாள் இருக்கிறது. பலசரக்கு எங்கள் மண்டியிலிருந்துதான் போகிறது, தங்கச்சி பேரில் தனியாக பில் போட்டு அவள் கணக்கிலிருந்தே பணம் வாங்கிக்கொள்கிறோம்.